நடைபாதை இல்லாத ஊருக்கு ஒரு ஸ்கூட்டர் சட்டம்

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மோட்டர்சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதன் கஷ்டம் உடனே விளங்கும். கியர் மாற்றுவது இடது காலால். செயற்கைக் காலின் பாதத்துக்கு லீவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அமத்தினோமா தூக்கினோமா என்பதும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துக்கொண்டு ஏ-9 வீதியில் பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் நடுவே போக முடியாது. அதனால்தான் கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் என்னைப் போன்ற பலர் கியரில்லாத ஸ்கூட்டிக்கு மாறினோம். இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும். முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் பின்பக்கம் மேலதிகமாக இரண்டு சில்லுப் பூட்டி ஓடுகிறார்கள்.

மின்சார ஸ்கூட்டர் இதற்கு அடுத்த படி. 2022இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெயிலில் செயற்கைக் காலோடு மணிக்கணக்கில் நின்றால் வெட்டிய இடத்தில் தோல் உரியும். அந்தச் சமயத்திலேயே மனதில் விழுந்த ஆசை இது, இப்போது நான் ஓடுவதும் அதில்தான். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டு, காலையில் வயலுக்கும் கடைக்கும் போய்வரலாம், உதைத்து ஸ்டார்ட் பண்ணும் வேலையில்லை. 2025இல் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்த பிறகு நம்ம பக்கத்து வீதிகளிலும் இவை கூடுதலாகவே கண்ணில் படுகின்றன. ஆக, மின்சார ஸ்கூட்டருக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

இருந்தும் சட்டம் வேண்டும் என்றுதான் எழுத வந்திருக்கிறேன். காரணம், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அண்ணை. கடைசி யுத்தத்தில் ஷெல் பட்டு இரண்டு கண்ணும் போனவர். ஊதுபத்தியும் சவர்க்காரமும் பையில் போட்டுக்கொண்டு, வெள்ளைப் பிரம்போடு கரடிப்போக்குச் சந்திப் பக்கமிருந்து கடைத்தெருவுக்கு நடப்பார். அவருக்கு வீதி என்பது முழுக்கக் காது. மினிபஸ் எது, அரச பஸ் எது, சைலன்சர் ஓட்டை விழுந்த மோட்டர்சைக்கிள் யாருடையது என்பதெல்லாம் அத்துப்படி. எனக்கு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்தால் அரை மைலுக்கு முன்னமே எனக்குத் தெரியும். உன்ரை சாமான் வந்தால் காத்துத்தான் முதல் தெரியுது. அதுக்குள்ளை நீ போயிட்டாய்."

வேகமாக வந்தால் டயர் உரசும் சத்தமாவது வரும். மெதுவாக வரும்போது அதுவுமில்லை. கிரவல் ரோட்டில் சில்லுக்கடியில் கல் நொறுங்கும், அது அவருக்குப் போதும். யுத்தத்துக்குப் பிறகு தார் போட்டு வழுவழுப்பாக்கிய காப்பெட் வீதியில் நொறுங்க எதுவுமில்லை. வீதி நல்லாக நல்லாக அவருக்குக் கேட்பது குறைந்துகொண்டு போகிறது. பக்கத்தில் ஒரு பஸ் இஞ்சினை நிறுத்தாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றால் என் ஸ்கூட்டர் அவருக்கு இல்லாத பொருள்தான்.

உலகத்தில் இந்தச் சண்டை நம்மை விட முன்னமே தொடங்கிவிட்டது. அங்கே வண்டி வேறு. நின்றுகொண்டு ஓடும் சின்னப் பலகை வண்டி, போனில் பணம் கட்டி எடுத்து, இறங்கிய இடத்தில் விட்டுப்போவது. 2018 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் தெருக்களில் பேர்ட், லைம், ஸ்பின் என்ற மூன்று கம்பனிகள் அனுமதி எதுவும் இல்லாமல் இவற்றை இறக்கிவிட்டன. நடைபாதை முழுக்க விழுந்து கிடந்தன. ஜூன் மாதம் நகரசபை எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, பிறகு ஒக்டோபரில் வேறு இரண்டு கம்பனிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. சான் டியேகோவில் 2019 ஜனவரியில் மாற்றுத்திறனாளிகள் நகரத்தின் மீதும் கம்பனிகள் மீதும் வழக்கே போட்டார்கள். நடைபாதை தங்களுக்கு வீதி, அதை வாடகை வண்டிகளின் தரிப்பிடமாக்க நகரத்துக்கு உரிமையில்லை என்பது அவர்களின் வாதம்.

பாரிஸ் இன்னொரு வழிக்குப் போனது. 2023 ஏப்ரல் 2இல் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். வந்து போட்டவர்களில் ஏறக்குறைய 89 வீதம் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். வந்து போட்டவர்கள் மொத்த வாக்காளரில் 8 வீதம்கூட இல்லை என்பது வேறு கதை. அந்த ஓகஸ்ட் முடிவோடு பதினையாயிரம் வண்டிகளும் போய்விட்டன. சொந்த வண்டி வைத்திருப்பவர் ஓடலாம். தடை பேசுகிறவர்கள் பாரிஸைத்தான் உதாரணம் காட்டுவார்கள், ஆனால் தடை விழுந்தது வியாபாரத்துக்கு, வண்டிக்கு இல்லை.

ஜேர்மனியில் 2019 ஜூனிலிருந்து சட்டம் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது, நடைபாதையில் ஓடக்கூடாது, இன்சூரன்ஸ் வில்லை ஒட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரேமன் நகரத்தில் ஒரு பார்வையற்றவர், நடைபாதையில் குறுக்காக நிறுத்தியிருந்த இரண்டு வாடகை ஸ்கூட்டர்களில் தடக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நட்டஈடு கேட்டு மேல்நீதிமன்றம் வரை போனார். 2023 நவம்பரில் இல்லை என்று தீர்ப்பு வந்தது. வண்டியை அப்படி நிறுத்துவதற்கு விதியில் தடையில்லை என்பதுதான் அங்கே முக்கியமாகப் போனது. எனக்கு இந்த வழக்குதான் மனதில் நிற்கிறது. ஓடும்போது எப்படி ஓட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நிறுத்தும்போது எப்படி நிறுத்த வேண்டும் என்பதை இரண்டு வரியில் முடித்தால் அடிபடுகிறவர் கையில் பிடிக்க எதுவுமில்லாமல் நிற்பார்.

ஜப்பான்காரர் 2023 ஜூலையில் கொண்டுவந்த ஏற்பாடு நுணுக்கமானது. வீதியில் 20 கிலோமீற்றர். நடைபாதையில் போக அனுமதியுள்ள இடங்களில் 6 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி வண்டியை மாற்ற வேண்டும், மாற்றியதைக் காட்டப் பச்சை விளக்கு மின்ன வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பச்சை விளக்கு மின்னுவதை எங்கள் அண்ணை எப்படிப் பார்ப்பார்?

எனக்கு மிகவும் வேலைக்காகும் என்று படுவது சிங்கப்பூர். 2019 நவம்பர் 5இலிருந்து நடைபாதையில் மின் ஸ்கூட்டர் ஓடக்கூடாது. பிடிபட்டால் 2,000 சிங்கப்பூர் டொலர் வரை தண்டம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, சிலவேளை இரண்டும். ஆனால் நடக்க முடியாதவர்கள் பாவிக்கும் மின் சக்கர நாற்காலிக்கும் இருக்கை வைத்த நடமாட்ட வண்டிக்கும் விலக்கு உண்டு. அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. காலும் கையும் நல்லாயிருப்பவர்கள் அந்த விலக்குக்குள் நுழைந்து, இருக்கை வண்டியை வாங்கி நடைபாதையில் ஓடத் தொடங்கினார்கள். கடைசியில் சட்டத்தைத் திருத்தி, வேகத்தை 10இலிருந்து 6 கிலோமீற்றராகக் குறைத்து, நடமாட்ட ஸ்கூட்டருக்கு வைத்தியச் சான்றிதழும் கட்டாயமாக்கினார்கள். ஊன்றுகோல்காரருக்கென்று திறந்த கதவில் ஊரே நுழைந்ததால் கடைசியில் ஊன்றுகோல்காரரும் கடிதம் காட்டித்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

சரி, இதையெல்லாம் வன்னிக்குக் கொண்டுவந்தால் எது பொருந்தும்?

முதல் சிக்கல், எல்லா ஊர்ச் சட்டமும் நடைபாதையிலிருந்து தொடங்குகிறது. நமக்கு அதுவே இல்லை. கிளிநொச்சி நகரத்துக்குள் ஏ-9 ஓரமாகக் கான் மூடிக் கல் பதித்த பகுதி இருக்கிறது, அதிலும் பாதியில் கடைச் சாமானும் மோட்டர்சைக்கிளும் நிற்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி ஏ-35இல் போனால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஓரம்தான் நடைபாதை, சைக்கிள் பாதை, மாடு போகும் பாதை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வீடு திரும்பும் பாதை. அறுவடை முடிந்து நெல் காயப்போடும் நாட்களில் அந்த ஓரமும் இருக்காது. படங்கு விரித்து, கல் வைத்து, காப்பெட்டின் கால்வாசியை எடுத்துவிடுவார்கள். கமக்காரரைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அங்கேதான் காயப்போடுகிறோம். ஆனால் அந்த நாட்களில் பிரம்போடு வருபவரும், ஸ்கூட்டரில் வரும் நானும், பின்னால் வரும் டிப்பரும் ஒரே கீற்றில்தான் போக வேண்டும். "நடைபாதையில் ஓடாதே" என்ற விதி அந்த இடத்தில் யாருக்கும் எதையும் சொல்லாது. இங்கே விதி இடத்தை வைத்து எழுதப்பட முடியாது. நடப்பவர் பக்கத்தில் வரும்போது எவ்வளவு மெதுவாக, எவ்வளவு தள்ளி, எப்படிக் கேட்கும்படி போக வேண்டும் என்றுதான் எழுத வேண்டும்.

கேட்கும்படி என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், அண்ணைக்கு உயிர் போகிற விஷயம் அது. மின்சாரக் கார்களுக்கு ஒலிக் கருவி வேண்டும் என்று உலகம் ஏற்கனவே ஒத்துக்கொண்டுவிட்டது. அமெரிக்கா 2010இலேயே சட்டம் போட்டது. ஐக்கிய நாடுகளின் 138ஆம் இலக்க ஒழுங்குவிதி, மணிக்கு 20 கிலோமீற்றர் வரை வண்டி கேட்கக்கூடிய சத்தம் போட வேண்டும் என்கிறது. அந்த 20இல் குறைந்தது 56 டெசிபெல், ஏறக்குறைய இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் ஒவ்வொரு மின் காரிலும் இது இருக்க வேண்டும். ஆனால் இந்த விதி கார், பஸ், லொறிக்குத்தான். இரண்டு சில்லு வண்டி அதற்குள் வராது. உலகத்தில் மின்சாரம் அதிகம் ஏறியிருப்பது இரண்டு, மூன்று சில்லு வண்டிகளில், நம்ம ஊர் ஓரத்தில் ஓடுவதும் அதுதான், விதி மட்டும் நாலு சில்லோடு நின்றுவிட்டது.

ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று அண்ணையிடமே கேட்டேன். பாட்டு வேண்டாம் என்றார். விடியற்காலையில் பாண் விற்கும் ஓட்டோ ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டுதான் எங்கள் ஒழுங்கைக்குள் வரும். ஆளுக்கொரு பாட்டுப் போட்டால் பாண் வந்திருக்கிறதா ஸ்கூட்டர் வந்திருக்கிறதா என்று தெரியாமல் போய்விடும் என்றார். ஹோர்னும் சரிவராது. ஹோர்ன் அடித்தால் "விலத்து" என்று தெரியும், எந்தப் பக்கம் விலத்துவது என்று தெரியாது. திடுக்கிட்டு ஒரு எட்டு வைத்தால் அந்த எட்டு கானுக்குள்ளேயும் இருக்கலாம். அவர் கேட்பது சில்லோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு தணிந்த இரைச்சல். வேகம் கூடினால் சுருதி கூட வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும். அதிலிருந்தே வண்டி வருகிறதா, போகிறதா, திரும்புகிறதா என்று அவர் பிடித்துவிடுவார். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வுகூடமொன்றும் வாடகை ஸ்கூட்டர்க் கம்பனிகளும் சேர்ந்து இப்படி எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு ஒலியைத் தேடத் தொடங்கின. இங்கே அப்படி ஒன்றைச் சோதிப்பதென்றால் கொழும்பில் குளிரூட்டிய அறையில் சோதிக்க வேண்டாம். மழை பெய்யும் மாலையில், பஸ் ஒன்று இஞ்சின் போட்டபடி நிற்கும்போது, கரடிப்போக்குச் சந்தியில் கேட்கிறதா என்று பார்க்கட்டும்.

ஒலியோடு முடித்துவிடவும் முடியாது. குண்டுச் சத்தத்தில் காது போனவர்கள் இந்த மண்ணில் குறைவில்லை. அவர்களுக்கு முன்விளக்கு பகலிலும் எரிவதுதான் உதவி. இரண்டுக்கும் செலவு வண்டி விலையில் சின்னப் பங்கு. இறக்குமதியாகும்போதே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் வாங்குபவர் தனியாக அலையத் தேவையில்லை.

அடுத்தது நம்பர் தட்டு. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலர் கோபிப்பார்கள். நம்ம நாட்டில் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் இல்லாமல் மோட்டர் வாகனம் வீதிக்கு வரக்கூடாது. இருந்தும் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், இது சைக்கிள் மாதிரி என்று சொல்லி விற்கிற கடைகள் இருக்கின்றன. எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள். இந்தியாவில் மணிக்கு 25 கிலோமீற்றருக்குள், 250 வாட்டுக்குள் இருக்கும் வண்டிக்கு உண்மையிலேயே பதிவு தேவையில்லை. யூடியூப்பில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதே சட்டம் என்று நம்புகிறவர்கள் பலர். பதிவில்லாத வண்டி அண்ணையை இடித்துவிட்டுப் போனால் இன்சூரன்ஸும் இல்லை, நம்பரும் இல்லை. நம்பர் இருந்தாலும் அவர் அதைப் பார்த்துக் குறிக்கப் போவதில்லை, அதனால் இடித்தவர் நிற்காமல் போனதற்கான தண்டனை இடித்ததற்கான தண்டனையை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிவைக் கட்டாயமாக்கும்போது என் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பின்னால் மேலதிகச் சில்லுப் பூட்டிய வண்டி, கைப்பிடியில் மாற்றம் செய்த வண்டி, இவற்றுக்கெல்லாம் ஒப்புதல் வாங்க ஒரு ஆள் செயற்கைக் காலோடு எத்தனை கந்தோர்ப் படி ஏற வேண்டும்? அதற்கான வைத்தியச் சான்றிதழையும் வண்டிப் பரிசோதனையையும் மாவட்டத்திலேயே, ஒரே நாளில், கீழ் மாடியில் வைத்துக் கொடுத்தால்தான் அந்தச் சட்டம் நடக்கும். இல்லையென்றால் தொடக்கத்தில் நாலு பேரைப் பிடித்துத் தண்டம் எழுதுவார்கள், பிடிபட்ட நாலு பேரில் இரண்டு பேர் எங்களைப் போன்றவர்களாக இருப்பார்கள். மெதுவாகப் போகிறவனைப் பிடிப்பது சுலபம்தானே.

சட்டத்துக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென்றே வந்தது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்குமான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. 2016 பெப்ரவரியில் இலங்கை ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதில் 9ஆம் உறுப்புரை வீதியும் போக்குவரத்தும் எல்லோருக்கும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது, அது அண்ணையின் பக்கம். 20ஆம் உறுப்புரை நடமாட உதவும் சாதனம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்கிறது, அது என் பக்கம். ஒரே காகிதத்தில் இரண்டு பேரும் இருக்கிறோம். 4ஆம் உறுப்புரையில் இன்னொன்றும் உண்டு, இப்படியான விதிகளை எழுதும்போது எங்கள் ஆட்களைக் கலந்து பேசியே எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு மேடையில் கூப்பிட்டு மாலை போடுவது அதில் சேராது.

கொழும்பு எழுதும் வரைக்கும் ஊரில் செய்யக்கூடியது நிறுத்துவதைப் பற்றியதுதான். பிரம்பு தரையைத் தடவிக்கொண்டு வரும். நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் முன்சில்லுக்கும் கால் வைக்கும் பலகைக்கும் நடுவே பிரம்பு சும்மா நுழைந்து போய்விடும், தடையில்லை என்று நினைத்து ஒரு எட்டு வைத்தால் ஹாண்டில் நெஞ்சில் குத்தும். சுவரோடு ஒட்டி, ஒரே பக்கம் பார்த்து நிறுத்தினால் அவருக்கு எல்லை பிடிபடும். அதற்கு ஒரு வெள்ளைக் கோடு போதும், அதைப் பிரதேச சபையே போடலாம்.

அதைவிட மோசம் சார்ஜ் வயர். கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து வயரை இழுத்து, நடக்கும் இடத்துக்குக் குறுக்கே கணுக்கால் உயரத்தில் விடுவார்கள். பிரம்பு அதன் கீழே போகும். என் செயற்கைப் பாதம் நுனியைத் தூக்காது, நேரே போய்க் கொளுவும். ஒரு கடைக்காரத் தம்பியிடம் நானும் அண்ணையும் சேர்ந்து போய்ச் சொன்னோம். நல்ல பிள்ளை, உடனே "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்று சொல்லி, அடுத்த நாளே வயரைக் கூரைக் கம்பிலிருந்து மேலால் கொண்டுபோய் ஸ்கூட்டருக்கு இறக்கிவிட்டார். அண்ணை உயரமான ஆள், குடை பிடித்தபடி வந்தால் அதில் கொளுவும். இன்னும் ஒரு முழம் தூக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறோம்.